சம்பந்தி காப்பி குடிக்காத ஐந்து தடவை

இந்தக் கட்டுரையில் ஒரு தேதிகூட வராது. என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை நம்பாமல் இன்னொரு முறை படிப்பார்கள். என் மனைவி செல்வி போட்ட நிபந்தனை இது. “நடந்ததை எழுதுங்க, வேணான்னு சொல்லல. தேதி கீதி போட்டீங்கன்னா சம்பந்தி வீட்டுக்கு நீங்களே போயி பதில் சொல்லிக்கங்க” என்று சொல்லிவிட்டாள். நான் கெஞ்சியதன்பேரில் கிழமையும் மணியும் மட்டும் போட்டுக்கொள்ளச் சலுகை கிடைத்தது.

நான் எழுதி வைக்கிற ஆள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தவன். வருகிற ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் தேதி முத்திரை குத்துவது என் வேலை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு பிரிவின் கவலை. எப்போது வந்தது என்பதுதான் என் கவலை. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்காகத்தான் அடி வாங்கப்போகிறேன்.

அலுவலகத்தில் பிடித்த பழக்கம் வீடு வரை வந்தது. நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று எப்போதும் என் கையெட்டும் தூரத்தில் இருக்கும். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, செல்வி என்னைப் பாராட்டியது (இதுவரை இரண்டு முறை) எல்லாம் அதில் உண்டு. போதாததற்கு நிறையப் படிப்பவன் வேறு. மனித மனம் எப்படியெல்லாம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது என்று மூன்று புத்தகங்கள் படித்து, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். அந்த அடிக்கோடெல்லாம் மற்றவர்களுக்காகப் போட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சில வருடங்களுக்கு முன் என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பிரகாஷ் சென்னையில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா ஏழுமலை, நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) போடுகிற விவசாயி. மனைவி இல்லாத அந்த வீட்டை நடத்துவது ஏழுமலையின் அக்கா ராஜாமணி. பெரியவரே ஆனாலும் ஏழுமலை அக்கா முன்னால் சத்தமாக இரும மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்துப்போனது. நித்யாவும் பிரகாஷும் ஒருவரையொருவர் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழுமலை காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், “தப்பா நெனைக்காதீங்க, இன்னும் ஒரு அர டம்ளர் கெடைக்குமா?” என்று கேட்டார். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. அரை டம்ளர் கேட்டவருக்கு முழு டம்ளர் போனது. ராஜாமணி அக்கா வடையைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார். நான் சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டில் கை நனைப்பது ஒரு கணக்கு. பிடித்திருந்தால் ஏதாவது சாப்பிடுவார்கள், குடிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் “இப்பதாங்க சாப்ட்டு வந்தோம்” என்று தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். வாயால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. டம்ளர் சொல்லிவிடும்.

அடுத்த முறை ஏழுமலை தனியாக வந்தார். கலெக்டர் ஆபீஸில் பட்டா வேலை, அது முடிந்து சாயங்காலம் அப்படியே நம் வீட்டுக்கும். செல்வி காப்பியோடு வந்தாள்.

“வேணாங்க.”

“அரை டம்ளராவது...”

“இல்லீங்க, தண்ணி போதும்.”

எனக்குள் ஏதோ ஒரு மணி அடித்தது. நோட்டை எடுத்தேன். ‘புதன், ஆறு ஐந்து. சம்பந்தி காப்பி மறுத்தார்.’ நான் எழுதி முடிப்பதற்குள் ஏழுமலை தண்ணீரையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதையும் எழுதினேன்.

அப்புறம் பாருங்கள், எங்கே பார்த்தாலும் ஆதாரம். முதல் நாள் வாய் ஓயாமல் மழையையும் மாட்டையும் பேசிய மனிதர் இப்போது “ம்”, “சரிங்க”, “பாக்கலாங்க” என்ற மூன்றுக்கு மேல் பேசுவதில்லை. முன்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவர் இப்போது நுனியில், வாசலைப் பார்த்து. போனில் பேசினால் முப்பது விநாடி தாண்டுவதில்லை, “அலோ சம்பந்தி, நல்லாகீறீங்களா, அது வந்து” என்பதோடு கட். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வருவதாகச் சொன்ன நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். முதல் தடவை, “அன்னிக்கி பௌர்ணமிங்க, வண்டிய ஊருக்குள்ள வுட மாட்டாங்க” என்றார்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைக்குள் வண்டி நுழையாது என்பது ஊருக்கே தெரியும். ‘பௌர்ணமிக்கு வராதீங்க’ என்று என் உறவினர்கள் அத்தனை பேருக்கும் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறவன் நான்தான். ஆனால் அதையே ஏழுமலை சொன்னதும் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘சாக்கு.’ இரண்டாவது தடவை மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைத்த நாள் என்றார். அதற்கு எதிரே ‘சாக்கு 2.’

நித்யா மொட்டை மாடியில் தினமும் பிரகாஷோடு பேசிக்கொண்டிருந்தாள் (சராசரியாக நாற்பது நிமிடம், எழுதி வைத்திருக்கிறேன்). ஒரு நாள் இறங்கி வந்து சொன்னாள்.

“அப்பா, அவங்க வீட்ல வேற மாதிரி நெனைக்கிறாங்க. நீங்கதான் சரியா பேச மாட்றீங்க, உங்களுக்குத்தான் இஷ்டம் இல்லன்னு அவங்கப்பா சொல்றாராம்.”

“பாத்தியா? பழிய நம்ம மேல போட்றாங்க.”

“இல்லப்பா. நிஜமாவே கவலப்பட்றாராம்.”

“ஒனக்குத் தெரியாதும்மா. எங்கிட்ட தேதி இருக்குது.”

அவள் மறுபடி மேலே போனாள். அன்றைக்கு மாடியில் பேச்சு பத்து நிமிடம்தான். அதையும் எழுதினேன். எழுதினேனே தவிர ஏன் என்று யோசிக்கவில்லை. கடிதம் வந்த நேரம் பார்த்தேன், கடிதத்தைப் படிக்கவில்லை.

ஐந்தாவது முறையும் ஏழுமலை காப்பியை மறுத்தபோது முடிவு செய்துவிட்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை, நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

“பேசத்தானே போறீங்க. நோட்டு எதுக்கு?” என்றாள் செல்வி.

“ஆதாரம் வேணாமா?”

“சம்பந்தி வீட்டுக்குப் போறீங்களா, கோர்ட்டுக்குப் போறீங்களா?”

அறைக் கதவருகே நித்யா நின்றிருந்தாள். “அப்பா, நீங்க எது வேணா கேட்டுட்டு வாங்க. முடிச்சிட்டு மட்டும் வந்துராதீங்க” என்றாள். அந்தக் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. படி இறங்கும்போது அது எனக்குள் குத்தியது. பஸ் ஏறியதும் கிளம்பிய நேரம் குறித்தேன், குத்தல் நின்றுவிட்டது. நேரம் குறித்தால் எனக்கு எல்லா வலியும் அடங்கிவிடும்.

கீழ்பென்னாத்தூரில் இறங்கி, ஆட்டோவில் அவர்கள் ஊர் வரை போய், வரப்பில் நடந்தேன். வீடு நிலத்தை ஒட்டியே இருந்தது. பாதி தூரம் போயிருப்பேன், சட்டைப் பையில் போன் அடித்தது. சம்பந்தி.

“அலோ சம்பந்தி, நல்லாகீறீங்களா, அது வந்து...”

அதே குரல் எனக்கு நேர் எதிரிலிருந்தும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மோட்டார் கொட்டகையின் கூரை மேல், லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையால் தென்னை மட்டையைப் பிடித்து, இன்னொரு கையால் போனைக் காதோடு அழுத்தி, ஒற்றைக் காலில் எக்கி நின்றுகொண்டிருந்தார் ஏழுமலை. என்னைப் பார்த்ததும் அவர் கால் தடுமாற, போன் கட்டானது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விஷயம் புரிந்திருக்கும். அவருடைய போனுக்கு அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் அந்தக் கூரை ஒன்றுதான். பாவம், எனக்குப் போன் செய்ய வேண்டும் என்றால் மனிதர் ஒவ்வொரு தடவையும் ஏறி ஒற்றைக் காலில் நிற்கிறார். முப்பது விநாடிக்கு மேல் யாரால் நிற்க முடியும்? ஆனால் நான் என்ன செய்தேன்? வரப்பிலேயே நின்று நோட்டை எடுத்து எழுதினேன். ‘என்னைக் கண்டதும் போனை வைத்தார்.’

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அன்று கிருத்திகை. ராஜாமணி அக்கா உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் மாவோடு வந்து வாங்க வாங்க என்றார். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்தபடி எதிரே, நுனியில், உட்கார்ந்தார். அவர் கண் என் மஞ்சள் பை மேலேயே இருந்தது.

“சம்பந்தி, நேரடியாவே கேட்டுட்றேன்” என்று ஆரம்பித்தேன். “உங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்னா வாய தொறந்து சொல்லிடுங்க.”

“இன்னாங்க சொல்றீங்க?”

“நானா சொல்லல.” நோட்டைத் திறந்தேன். “புதன், ஆறு அஞ்சு, காப்பி மறுப்பு. செவ்வாய், ஆறு பத்து, காப்பி மறுப்பு, நாற்காலி நுனியில் அமர்வு. திங்கள், தொலைபேசி, இருபத்தெட்டு விநாடி...”

இரண்டு பக்கம் படித்தேன். குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் கொடுத்தேன். ஏழுமலையின் தலை தாழ்ந்துகொண்டே போனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“அந்த நோட்ட கொஞ்சம் குடுங்க” என்றார் ராஜாமணி அக்கா.

ஆதாரத்தைச் சரிபார்க்கக் கேட்கிறார் என்று பெருமையாக நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்து, நோட்டை வாங்கி, பின்னாலிருந்து அல்ல, முதலிலிருந்து புரட்டினார். பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையில் நின்றார். எழுத்துக்கூட்டி, ஆனால் நல்ல உரத்த குரலில் படிக்க ஆரம்பித்தார்.

“பத்து முப்பது. சம்பந்தி ரெண்டு டம்ளர் காப்பி.”

நிறுத்தி, என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“மாப்ள அத்த வட நாலு.”

நோட்டை வாங்கக் கை நீட்டினேன். “அது வந்துங்க...”

“இருங்க, இன்னும் கீது. ‘பதினோரு மணி. அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, செல்வி.’” அக்கா நிமிர்ந்தார். “இது ஒங்க வூட்டம்மா சொன்னதா?”

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நேரம் குறிக்காமல் உள்ளே குதித்திருப்பேன்.

“சரியாத்தான் சொல்லிகீறாங்க” என்றார் அக்கா. “ஜாஸ்திதான். அதுக்கு இன்னா இப்ப. ஏண்டா ஏழுமல, நீ ஏன் அவுங்க வூட்ல காப்பி குடிக்கறது இல்ல? சொல்லு, ஒன் வாயால சொல்லு.”

ஏழுமலை துண்டை முறுக்கினார். “அதாங்க, நோட்டு...”

“எந்த நோட்டு?” என்றேன்.

“அன்னிக்கி ரெண்டாவது டம்ளர் கேட்டேன் இல்லீங்களா. வாய் தவறி கேட்டுட்டேன். டம்ளர் கைக்கு வரதுக்குள்ள நீங்க நோட்ட எடுத்து எழுதனீங்க. ஆகா, பொண்ணு பாக்கப் போன எடத்துல அல்பத்தனமா கேட்டுட்டமேன்னு ஆயிட்ச்சி. அடுத்த தபா தண்ணி குடிச்சேன், அதையும் எழுதனீங்க. பேசனா எழுதறீங்க, சாஞ்சி ஒக்காந்தா எழுதறீங்க. நான் இன்னாங்க பண்றது? எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துட்டுப் போவலாம்னு பாத்தேன்.”

“அதையும் எழுதிகீறாரு” என்றார் அக்கா, பக்கத்தைக் காட்டி.

“ஆபீஸ்ல கீற மனுசன், கொற கண்டுபுடிச்சி எழுதறாரு, ஒரு நாளைக்கி எல்லாத்தையும் நீட்டி வேணாம்னு சொல்லுவாருன்னு நெனச்சோம்ங்க” என்றார் ஏழுமலை மெதுவாக. “இன்னிக்கி நீட்டிட்டீங்க.”

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியதைச் சந்தோஷத்தில் எழுதினேன் என்று விளக்கப் பார்த்தேன். இரண்டு டம்ளர் காப்பி என்பது என் மொழியில் ‘நம் வீடு அவருக்குப் பிடித்துவிட்டது’ என்று அர்த்தம். நாலு வடை என்பது செல்வியின் கைப்பக்குவத்துக்குச் சான்றிதழ். ஆனால் நோட்டில் சந்தோஷம் எங்கே இருக்கிறது? மணிதான் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்தால் எனக்கே யாரோ வேவு பார்த்து எழுதியது போலத்தான் இருந்தது.

அக்கா இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார். “இதுல ஒண்ணு காணமே.”

“என்னாங்க?”

“மொதமொதல்ல எங்க வூட்ட பாக்க வரதுக்கு நாள் குறிச்சோமே, அன்னிக்கி நீங்க வரேன்னு சொல்லிட்டு வரல. நானு எலை அறுத்து வச்சி, சாயங்காலம் வரிக்கும் பாத்துகினு இருந்தேன். அது எந்தப் பக்கத்துல கீது?”

“அன்னிக்கி ஆபீஸ்ல ஆடிட்டுங்க. திடீர்னு வந்துட்டாங்க. அதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவன் ‘அதான்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நோட்டில் அந்த நாள் இல்லை. எழுதத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அது என் குணம் அல்ல, சூழ்நிலை. ஆடிட் என்பது காரணம். பௌர்ணமி என்பது சாக்கு. அந்த நோட்டு முழுக்க மற்றவர்கள் செய்ததற்கெல்லாம் தேதி இருந்தது. நான் செய்ததற்கெல்லாம் காரணம் இருந்தது. சிவப்பு மையில் நான் அடிக்கோடு போட்ட மூன்று புத்தகங்களும் சொன்னது இதைத்தான். நான் அதை என் மேலதிகாரியைப் பற்றி எழுதியது என்று நினைத்திருந்தேன்.

“மன்னிச்சிக்கங்க” என்றேன். “எம்பொண்ணு வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. முடிச்சிட்டு மட்டும் வந்துராதீங்கன்னா.”

ஏழுமலை முதல்முறையாகத் தலை தூக்கினார். “எம்பையனும் அதாங்க சொன்னான். நீ போன் பண்ணி பேசுப்பான்னான். அதுக்குத்தான் கூர மேல ஏறனேன்.”

அக்கா உள்ளே போய் ஒரு தட்டு நிறைய வடையும் காப்பியும் கொண்டுவந்தார். தட்டை என் முன் வைத்தார். நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, தன் மடியில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“இப்ப சாப்பிடுங்க. யாரும் எழுத மாட்டாங்க.”

நான் சாப்பிட்டேன். வெட்கத்தில் சாப்பிட்டேன், நிம்மதியில் சாப்பிட்டேன், சூடாகவும் இருந்தது. ஏழுமலை ஒரு டம்ளர் காப்பி குடித்தார். அக்காவின் மடியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, “யக்கா, இன்னும் ஒரு அர டம்ளர்” என்றார். அப்புறம் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் பாருங்கள், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். எத்தனை மணி பஸ் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் நித்யா வாசலிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். பிரகாஷ் வழியாகச் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. “நான் சொன்னதுன்னு என் பேரையும் சேத்தா எழுதி வச்சீங்க?” என்று கேட்டாள். சாட்சியின் பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. என் வாழ்க்கையின் புத்திசாலித்தனமான மௌனங்களில் அது ஒன்று.

கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போதெல்லாம் ஏழுமலை வேங்கிக்கால் வந்தால், செருப்பைக் கழற்றும்போதே அறிவித்துவிடுவார். “சம்பந்தி, எழுதிக்கங்க. மணி பத்தே கால். காப்பி ரெண்டு டம்ளர், சக்கர கம்மி.” ராஜாமணி அக்கா வந்தால் வடைத் தட்டை என் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக எடுத்து, “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணிக்கொண்டே சாப்பிடுவார். அவருக்கும் செல்விக்கும் இப்போது நல்ல ஸ்நேகம். இருவரும் சேர்ந்து பேசினால் மூன்றாவது ஆளுக்கு வாய்ப்பில்லை.

கல்யாணத்தில் அவர்கள் வைத்த தட்டுகளில் ஒன்றில், பழத்துக்கும் பூவுக்கும் நடுவே, மூலைகளில் மஞ்சள் தடவிய புது நீள நோட்டு ஒன்று இருந்தது. மண்டபமே பார்க்கத் திறந்தேன். முதல் பக்கத்தில் அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே ஒரு பதிவு: ‘சனிக்கிழம. சம்பந்தி சண்ட போட வந்தாரு. வட ஆறு.’

ஐந்துதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளி, பொங்கல் என்று இரண்டு குடும்பமும் கூடும்போதெல்லாம் இந்த வழக்கு எடுக்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் நான் தோற்கிறேன். அக்காவிடம் எழுத்து மூலமான ஆதாரம் இருக்கிறது. என்னிடம் இல்லை. நான் சாப்பிட்டபோது என் நோட்டு அவர் மடியில் இருந்தது.